பாப்பாவும் கண்காணியும்

கேள்வி: எகிப்திலும் ஒரு போப் இருக்கிறாராமே, ரோமில் இருப்பவருக்குப் போட்டியா? அப்புறம், 'பிஷப்' என்றால் என்ன பொருள்?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: போட்டியெல்லாம் இல்லைம்மா. கிரேக்கத்தில் 'பாப்பாஸ்' என்றால் அப்பா. குழந்தைகள் வாயில் வருகிற சொல். 'போப்' அதிலிருந்து வந்ததுதான். கிறிஸ்தவர்கள் தங்கள் ஆயரை, அதாவது பிஷப்பை, பாசமாக அப்படிக் கூப்பிட்டார்கள். எகிப்தின் அலெக்சாந்திரியா நகர ஆயர் ஹெராக்கிளாஸை 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கடிதம் 'பாப்பா' என்கிறது.

எனக்குப் பிடித்தது கி.பி. 250ஆம் ஆண்டுக் கதை. ஜனவரியில் ரோம் ஆயர் ஃபேபியன் கொல்லப்பட்டார். அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாத நேரம், இருக்கை காலி. அப்போது ரோம் குருக்கள் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் ஆயராக இருந்த சிப்ரியானுக்கு ஒரு கடிதம் போடுகிறார்கள். விளிப்பே 'பாப்பா சிப்ரியானுக்கு' என்றுதான். ரோமில் உட்கார்ந்துகொண்டு வெளியூர் ஆயரைப் பாப்பா என்கிறார்கள், பாருங்கள்! அந்தப் பெயர் உலகத்தில் ஒருவருக்குத்தான் என்று ரோம் எழுதி வைத்தது 1075 வாக்கில், போப் ஏழாம் கிரகோரி காலத்தில். எகிப்தின் பழைய கிறிஸ்தவ சபையான கோப்திக் சபை அந்தப் பழைய வழக்கத்தை விடவில்லை. அங்கே இப்போது இருக்கும் இரண்டாம் தவாத்ரோஸ் 118ஆவது போப்.

சரி, பிஷப்புக்கு வருவோம். மூலச்சொல் 'எபிஸ்கொபோஸ்', அதாவது மேற்பார்வை பார்ப்பவர். பழைய தமிழ் பைபிளில் அதற்கு 'கண்காணி' என்றே போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது லேசில் மறக்காது. கூலிம் பக்கம் எங்கள் லயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் பைபிளில் தீமோத்தேயு நிருபம் வாசித்தார். கண்காணி என்பவன் குடிகாரனாக இருக்கக் கூடாது, அடிக்கிறவனாக இருக்கக் கூடாது, பண ஆசை ஆகாது என்று வரிசையாக வருகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரே கண்காணி, விடியற்காலைப் பெரட்டில் பிரம்போடு நின்று பெயர் கூப்பிடும் கங்காணிதான். பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாட்டி சத்தமாகவே கேட்டாள்: "ஐயா, இத நம்ம கங்காணி வீட்டு வாசல்ல நின்னு ஒருதரம் படிங்களேன்."

உபதேசியார் சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டார்.