ஜெபத்தை இன்னொரு டூட்டியாக்க வேண்டாம்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 44. பிறந்ததிலிருந்தே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. டூட்டி இல்லாத ஞாயிறு எதிலும் ஆராதனையைத் தவறவிட்டதில்லை. இரவில் குடும்ப ஜெபமும் உண்டு. ஆனால் கொஞ்ச காலமாக ஜெபம் பண்ணுவது ஒப்பிப்பதுபோல இருக்கிறது. வாய் பாட்டுக்குச் சொல்கிறது, மனசு நாளைய டூட்டியில் நிற்கிறது. பிப்ரவரியில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அதோடு என் அதிகாலை ஜெபம் நின்றுவிட்டது. ஒரு வருஷத்தில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணை மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே கிடக்கிறது. புதுவருஷ ராத்திரி ஆராதனையில் இந்த வருஷத்துக்கென்று எனக்கு அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் சுகத்தைப் பற்றியது. அந்த அட்டையைப் பார்த்தாலே கோபம் வருகிறது. ஆண்டவர்மேல் கோபப்படுகிறோமே என்று பயமும் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா, 'இன்றைக்குக் காலையில் ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று தினமும் சொல்வார்கள். என்னோடு அவர் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். நான் சுகர் மாத்திரை எடுப்பவள். தேவனோடு நெருங்குவதற்கு நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத சகோதரி)

பதில்: அன்புள்ள சகோதரி,

கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

சுகத்தைப் பற்றிய வசனம் ஜனவரியில் வீட்டுச் சுவரில் ஏறியது. பிப்ரவரியில் மாமியார் விழுந்தார்கள். கோபம் வராமல் இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். அந்தக் கோபம் ஒருநாளாவது உங்கள் ஜெபத்துக்குள் வந்ததா? வந்திருக்காது. 'அன்பும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே, இந்த நாள் முழுவதும் எங்களைக் கண்மணிபோல் காத்து நடத்தின கிருபைக்காக ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்து, ஆமென் வரைக்கும் தடங்கலில்லாமல் போயிருப்பீர்கள். நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிகள் தூக்கத்திலும் வரும். நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. பாட்டிமார் நமக்கு விட்டுப்போன சொத்து அது, பேச்சே எழாத துக்க வீட்டில் அந்த வரிகள்தான் கைகொடுக்கும். ஆனால் அன்றைக்கு உங்கள் நெஞ்சில் கிடந்த ஒன்றுகூட அதில் இல்லை. ஒப்பிப்பதுபோல இருக்கிறது என்கிறீர்கள். ஒப்பிக்கத்தான் செய்திருக்கிறீர்கள்.

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புலம்பலும் முறையீடும்தான். ஆலயத்தில் மாறி மாறி வாசிக்கும்போது ராகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம், அதனால் நமக்கு உறைப்பதில்லை. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று எடுத்த எடுப்பில் கேட்கிறது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும் என்கிற மரியாதையெல்லாம் அங்கே இல்லை. அதுவாவது கடைசியில் பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. 88ஆம் சங்கீதம் அதற்கும் திரும்புவதில்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனதைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதாகமத்துக்குள் வைத்து, பல நூற்றாண்டுகளாக ஆராதனையில் வாசித்து வருகிறோம். சீலோ ஆலயத்தில் பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து அழுது ஜெபித்தபோது, உதடு மட்டும் அசைவதைப் பார்த்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். சத்தமே வெளியில் வராத அந்த ஜெபம்தான் கேட்கப்பட்டது.

ஆகவே அந்த அட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டாம். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் அதன் முன்னால் நின்று, உங்கள் அம்மாவிடம் சண்டை போடுவீர்களே, அந்தப் பேச்சிலேயே கேளுங்கள். 'இது என்ன நியாயம்?' என்று கேளுங்கள். திருநெல்வேலித் தமிழில் கேட்டால் அவருக்குப் புரியாமல் போகாது.

சரி, அன்றாட ஜெபத்துக்கு வருவோம். நர்ஸ் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஷிப்ட் முடிந்ததும் அடுத்து வரும் சிஸ்டரிடம் ஓவர் கொடுப்பீர்கள். மூன்றாம் பெட்டுக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் 102, பாராசிட்டமால் கொடுத்தாயிற்று. ஏழாம் பெட்டுக்குச் சிறுநீர் குறைவு, டாக்டரிடம் சொல்லியாயிற்று. பதினோராம் பெட் விடியற்காலையில் போய்விட்டார். இதில் ஜோடனை கிடையாது. நல்ல சேதியை முதலில் வைத்துக் கெட்டதை ஒளிப்பது கிடையாது. எது தெரியவில்லையோ அதைத் தெரியவில்லை என்றே சொல்வீர்கள். சொல்லி முடித்ததும் வார்டு வேறொருவர் பொறுப்பு. நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

காலையில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சீட் கிடைத்ததும் ஆண்டவருக்கு அப்படி ஓவர் கொடுங்கள். கண்ணை மூட வேண்டாம், முக்காடு போட வேண்டாம், தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம். யார் எப்படி இருந்தார்கள், எது உங்களைத் தொந்தரவு செய்தது, யாரிடம் எரிந்து விழுந்தீர்கள், எந்த இடத்தில் மனசு லேசானது. கடைசிப் பெட் உங்களுடையது. அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். இது நான் கண்டுபிடித்தது அல்ல. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், அன்றைய நாளைத் தேவன் முன்னால் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தைத் தம் ஆட்களிடம் வலியுறுத்தினார். கத்தோலிக்கர் காரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல பழக்கம் எந்தச் சபையிலிருந்து வந்தால் என்ன?

நடுநடுவே ஒருவரி ஜெபங்களும் உண்டு. பாரசீக ராஜா 'நீ கேட்கிற காரியம் என்ன?' என்று கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் இடையில், அவருக்குப் பானம் கொடுக்கும் வேலையில் இருந்த நெகேமியா ஜெபம் பண்ணினான். நின்ற நிலையில், மூச்சு இழுத்துவிடும் நேரத்தில். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஊசி போடப் போகும்போது நீங்களும் 'ஆண்டவரே' என்று சொல்லியிருப்பீர்கள். அதை ஜெபக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் நீங்கள் செய்த தப்பு. ஆனால் ஒன்று: அந்த நெகேமியாதான் அதற்கு முந்தின அதிகாரத்தில் நாட்கணக்கில் அழுது, உபவாசித்து, மன்றாடியவன். ஒருவரி ஜெபம் வெறும் பழக்கவாக்கில் வரும் சொல்லாகத் தேய்ந்துவிடாமல் இருக்க, எப்போதாவது அவரோடு நிதானமாக உட்காரவும் வேண்டும். எப்போது என்பது உங்கள் ட்யூட்டி ரோஸ்டரைப் பொறுத்தது.

அதிகாலை ஜெபம் நின்றுபோனதற்காக நீங்கள் குமைவதில் எனக்கு உடன்பாடில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று சொன்ன இடத்தை (1 இராஜாக்கள் 19) நிதானமாக வாசியுங்கள். அவனுக்கு உடனே பிரசங்கம் கிடைக்கவில்லை, விசுவாசக் குறைச்சலுக்குத் திட்டும் கிடைக்கவில்லை. தூங்கிவிட்டான். தூதன் தட்டி எழுப்பி, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தான். இரண்டாம் தரமும் சாப்பாடுதான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து, ஓரேப் மலையில்தான் தேவனுடைய அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டான். களைத்துப்போன மனுஷனுக்கு முதலில் என்ன தேவை என்று தேவனுக்குத் தெரிந்திருக்கிறது. ராத்திரி டூட்டி முடித்து வந்து, மாமியாருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, பகலில் மூன்று மணி நேரம் தூங்குகிற பெண் நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால்தான் தேவன் சந்திப்பார் என்று எந்த அதிகாரத்திலும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அவரவர் அனுபவம். ஆனால் சாட்சி நேரத்தில் நாம் கேட்பதெல்லாம் முடிந்துபோன கதைகள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்டேன், கிடைத்தது, ஸ்தோத்திரம். 'கேட்டேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் இன்றைக்கு ஆலயத்துக்கு வந்திருக்கிறேன்' என்று எழுந்து சொல்ல நம் சபைகளில் யாருக்கும் தைரியம் வருவதில்லை. அதனால் அப்படி இருப்பது தான் ஒருத்திதான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொள்கிறாள். அன்னை தெரசா 1997இல் மறைந்தார். 2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் வெளியுலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது: கல்கத்தாவில் ஏழைகளுக்கான ஊழியத்தைத் தொடங்கிய கொஞ்ச காலத்திலிருந்து, பல பத்தாண்டுகள், தேவன் அருகில் இருக்கிறார் என்கிற உணர்வே இல்லாமல்தான் அவர் ஜெபித்து வந்திருக்கிறார். அதை அவர் பெரும்பாலோரிடம் மறைத்தே வைத்திருந்தார். ஆன்மிக வழிகாட்டிகள் சிலரிடம் மட்டும் சொல்லியிருந்தார். உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். உங்கள் ஐயரம்மாவோ (போதகரின் மனைவி), வேதாகமக் கல்லூரியில் படித்த தோழியோ, 'பாவம் ஏதாவது இருக்கும்' என்று உடனே ஆரம்பிக்காத யாராவது ஒருவர்.

உணர்வு வரும், போகும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், சண்டையில் அடிபட்டுக் காலை இழுத்து நடந்த பழைய சிப்பாய். சமையல் வேலை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் இருக்கும்போதும் முழங்காலில் நிற்கும்போதும் தேவன் ஒரேபோல அருகில் இருக்கிறார் என்று சொன்னவர் அவர். அதை மட்டும் எடுத்துப் பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த நிலைக்கு வருமுன் முதல் பத்து வருஷம் மிகவும் கஷ்டப்பட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார், அதைச் சொல்வதில்லை.

வேதாகம அட்டவணையை விட்டுவிடுங்கள். 1189 அதிகாரத்தை ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் லேவியராகமத்தில் தங்கிப்போகிறவர்களை மட்டும் கூட்டினாலே ஒரு கன்வென்ஷன் பந்தல் நிரம்பும். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். ரத்தப்போக்குள்ள பெண் கூட்டத்துக்குள் நுழைந்து வஸ்திரத்தைத் தொடுகிற இடம் வந்தால், அவசரப்பட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். பன்னிரண்டு வருஷம் வைத்தியர்களிடம் செலவழித்துக் களைத்தவளை வார்டில் பார்த்திருக்கும் உங்களுக்கு அந்தக் கதையில் தெரிவது, பிரசங்கிகளுக்குத் தெரியாது.

இனி மாமியார். வலது பக்கம் விழுந்து பேச்சும் போன சிலருக்கு, பேச வராவிட்டாலும் பழகிய பாட்டு வரும். உங்களுக்கே தெரிந்திருக்கும், வீட்டில் செய்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போது, அவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்திருக்கக்கூடிய ஒரு பழைய கீர்த்தனையின் முதல் அடியைப் பாடுங்கள். அடுத்த அடி அவர்கள் வாயிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் நஷ்டமில்லை, நீங்கள் பாடியிருப்பீர்கள். தனியாக நேரம் ஒதுக்காமல் வீட்டில் நடக்கிற ஜெபம் இது. குடும்ப ஜெபத்தையும் அவர்கள் கட்டிலருகே மாற்றுங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வாக்கியம், சொந்த வாக்கியம், கேளுங்கள். 'கணக்குப் பரீட்சை பயமாக இருக்கிறது' என்பதும் ஜெபம்தான்.

உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரரைப் பற்றியும் நாத்தனார், கொழுந்தனார் யாராவது இருக்கிறார்களா என்பது பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கும் அது அம்மாதானே? வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவர் பார்க்கும்படி கேளுங்கள். மனுஷரிடம் கேட்க வேண்டியதை ஆண்டவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால் வரும் களைப்பும் இதில் பாதி இருக்கிறது. தூக்கம் கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல என்று நோயாளிகளுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டாம். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு நர்ஸுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், தூதன் வந்து இரண்டு தரம் சாப்பிடச் சொன்ன அதிகாரத்தைக் காட்டுங்கள். கூடவே, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார முடியுமா என்றும் கேளுங்கள். நல்ல மனசுள்ளவர்களாகத்தான் தெரிகிறார்கள், வருவார்கள். அந்த நேரம் நீங்கள் தூங்குங்கள்.