யாருப்பா படம் எடுத்தது?

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு குடும்பத்தோடு ஒரு குவிமாடத் திரையரங்குக்குப் போயிருந்தோம். அடுத்தடுத்து இரண்டு விண்வெளிப் படங்கள். இரண்டாவதில், ஒரு நெபுலாவுக்குள் (விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம்) புகுந்து போகும்போது அம்மாவுக்குத் தலைசுற்றி, வெளியே கூட்டி வந்துவிட்டேன். ஏழு வயது மகளோ வீடு வரும்வரை ஒரே கேள்வி: “அங்கே போய் யாருப்பா படம் எடுத்தது?” பதில் தெரியாமல் மழுப்பினேன். இது அறிவியலா, ராட்டினமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி ராட்டினம்தான். ஆனால் ராட்டினத்திலிருந்து இறங்கும் குழந்தை இப்படி ஒரு கேள்வி கேட்காது.

முதலில் அம்மா. சாதாரணத் திரைக்கு ஓரம் உண்டு. நாம் உட்கார்ந்துதான் இருக்கிறோம் என்று அது கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குவிமாடத்தில் ஓரம் கண்ணில் படுவதில்லை. பறக்கிறோம் என்கிறது கண், அசையவே இல்லை என்கிறது உள்காது. இந்தத் தகராறில் மாட்டிக்கொள்வது வயிறு. அடுத்த முறை பின்வரிசையில் உட்கார வையுங்கள். சுற்றினால் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு படம் ஒரேயடியாக வேண்டாம், எனக்கே தாங்காது.

அப்புறம் மகள். பூமிக்கு மேலே மிதக்கும் காட்சிகளில் பல, நிஜமாகவே அங்கே போய் எடுத்தவை. 1984-லேயே விண்வெளி ஓடத்தில் ஐமேக்ஸ் கேமரா ஏறிவிட்டது. நெபுலா வேறு கதை. நீங்கள் பார்த்தது ஓரியன் நெபுலா என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். ஆளும் போகவில்லை, கருவியும் போகவில்லை. பூமியைச் சுற்றியபடி ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தட்டையான படம்தான் கையில் இருப்பது. எது முன்னால், எது பின்னால் என்று வானியலாளர்கள் கணித்ததை வைத்து அதற்குக் கணினியில் ஆழம் கொடுக்கிறார்கள்.

சரி, அங்கேயே போய்விட்டால் அந்தச் சிவப்பும் ஊதாவும் தெரியுமா? தெரியாது. கிட்டப் போகப் போக நெபுலா பெரிதாகுமே தவிர, பளிச்சென்று ஆகாது. கூடுதலாக வரும் ஒளி, கூடுதலான பரப்பில் பரவிவிடுகிறது. உள்ளே நுழைந்தாலும் வெளிறிய மூட்டம்தான். கேமரா வெகுநேரம் ஒளியைச் சேர்த்துவைத்து எடுப்பதால் கிடைக்கும் நிறம் அது.

பால்வீதியை வெளியே நின்று பார்ப்பதுபோல ஒரு காட்சியும் அநேகமாக வந்திருக்கும். அதை எடுத்தவர் யாருமே இல்லை. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கி.மீ. வேகத்தில் போகிறது, நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்கவே அதற்கு 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். வீட்டை விட்டு வெளியே வராமல், ஜன்னல் வழியே தெரிவதை வைத்து வீட்டின் கூரையை வரைகிற மாதிரி என்று மகளிடம் சொல்லிப்பாருங்கள்.

வரைவதில் தப்பில்லை. எது எடுத்தது, எது வரைந்தது என்று இந்தப் படங்கள் வாய் திறந்து சொல்வதில்லையே, அதுதான் என் மனக்குறை. திரையின் மூலையில் சின்னதாக எழுதிக்காட்டலாம். குவிமாடத்துக்கு ஏது மூலை என்பீர்கள்!

1923-ல் ஜெர்மனியில் ஜெய்ஸ் நிறுவனத்தின் முதல் கோளரங்கக் கருவி குவிமாடத்தில் காட்டியது, தரையில் நின்று பார்க்கிற இரவு வானத்தைத்தான். அப்படிப்பட்ட காட்சி இன்றும் பல கோளரங்குகளில் உண்டு. அம்மாவை அதற்குக் கூட்டிப்போங்கள். அதில் யாரும் பறப்பதில்லை. அந்த வானத்தை அவர் சின்ன வயதில் மொட்டைமாடியில் பார்த்திருப்பார். எது எது என்று பேத்திக்கு அவரே காட்டட்டும்.