வரலாற்றுக்குக் கண் தெரியாதா?

கேள்வி: வரலாறு காணாத ஒரு காலத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பதை முதன்முதலாக எப்போது உணர்ந்தீர்கள்?

பதில்: கேள்வி இருக்கட்டும். அந்த ‘வரலாறு காணாத’ எங்கிருந்து வந்தது? அதோடு எனக்கு ரொம்ப நாள் பகை. வரலாறு காணாத மழை, வரலாறு காணாத வெயில், வரலாறு காணாத கூட்டம், வரலாறு காணாத சரிவு. ஒரு வாரத்துச் செய்திகளைச் சேர்த்துப் படித்தால், பாவம், வரலாறு எதையுமே கண்டதில்லை என்றுதான் தோன்றும். போன வருஷ மழையையும் காணவில்லை, இந்த வருஷ மழையையும் காணவில்லை. தூறல் விழுந்தாலே ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் போல. கண்ணில் புரை என்றால் ஆபரேஷன் செய்துவிடலாம். வேலைக்கே வராத ஆளை என்ன செய்வது?

எங்கள் பத்திரிகையில் புரூஃப் பார்ப்பவர் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி. நான் அடிப்பேன், அச்சுக்குப் போகும் முன் அவர் திரும்பச் சேர்த்துவிடுவார். “இதுவரை காணாததுன்னுதானே சார் அர்த்தம்” என்பார். ஒருமுறை உட்கார வைத்து விளக்கினேன். வரல், ஆறு. அதாவது வந்த வழி. திரும்பிப் பார்த்தால்தான் வழி தெரியும், நடந்துகொண்டிருக்கும்போது கால்வலிதான் தெரியும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கால்வலி சேர்த்துப் போடணுமா, பிரித்துப் போடணுமா?” என்றார்.

சரி, கேள்வி. 1789 ஜூலை 14, பாரிஸில் பஸ்தில் சிறை விழுந்த நாள். பதினாறாம் லூயி மன்னர் தன் குறிப்பேட்டில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார். அதைச் சொல்லி இன்றுவரை சிரிக்கிறார்கள். நான் ராஜா பக்கம். அது வேட்டைக் கணக்கு நோட்டு. அன்றைக்கு எதுவும் சிக்கவில்லை, எழுதினார். வேட்டைக் கணக்கில் புரட்சியை எந்த வரியில் சேர்ப்பது?

1989 நவம்பர் 9 இன்னும் வேடிக்கை. கிழக்கு ஜெர்மனி கட்சித் தலைவர்களில் ஒருவரான குந்தர் ஷபோவ்ஸ்கி, பயணக் கட்டுப்பாடு தளர்கிறது என்று நிருபர்களிடம் ஒரு காகிதத்தைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனே என்றார். திட்டமோ மறுநாளிலிருந்து. அன்று இரவே பெர்லின் சுவரின் வாசல்கள் திறந்துவிட்டன. அந்தச் செய்தியைக் கேட்ட 35 வயது விஞ்ஞானி ஒருவர், வியாழக்கிழமை ஆயிற்றே என்று வழக்கம்போல நீராவிக் குளியலுக்குப் போனார். குளித்து முடித்த பிறகுதான் எல்லைப் பக்கம் நடந்தார். பெயர் அங்கேலா மெர்க்கல். பின்னாளில் 16 வருஷம் ஜெர்மனியை ஆண்டவர்.

அப்புறம் ஜெர்மன் கவிஞர் கதே. 1792-ல், பிரெஞ்சுப் புரட்சிப் படை வென்ற வால்மி போர்க்களத்திலேயே ‘இங்கே, இன்று ஒரு புது யுகம் தொடங்குகிறது’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறார். எழுதியது சுமார் 30 வருஷம் கழித்து. அவ்வளவு அவகாசம் கொடுத்தால் நானும் தீர்க்கதரிசிதான்.

என் கதை இது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அட்டைப்படத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஆளாளுக்கு வீட்டில் அடைந்த பிறகு ஒருநாள் புரூஃப்காரர் போன் செய்தார். “சார், இப்பவாவது ‘வரலாறு காணாத’ன்னு போட்டுக்கலாமா?” அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டதே இல்லை. குரலும் இறங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. “கூடாது. 1918 இன்ஃப்ளுயன்சாவை வரலாறு நன்றாகவே கண்டிருக்கிறது. கோடிக்கணக்கில் செத்தார்கள்” என்றேன். “சரி சார்” என்று வைத்துவிட்டார்.

இதழ் வந்ததும் முதல் பக்கத்தைத்தான் புரட்டினேன். போட்டிருந்தார்.