கோல்ஃப் ஆட்டத்தின் ஏழாம் எண் அயர்ன் மட்டையை வீட்டிலேயே பொருத்துவது எப்படி?

கேள்வி: ஏழாம் எண் அயர்னுக்கான தலை, எஃகுத் தண்டு, ஃபெரூல் (தலையின் கழுத்தில் வரும் வளையம்), பிடி ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு மட்டைக்குப் பிடி மாற்றிய அனுபவம்கூட எனக்கு இல்லை. தண்டை எந்தப் பக்கம், எவ்வளவு வெட்ட வேண்டும்? ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐந்து நிமிட எப்பாக்சியால் ஒட்டலாமா? பட்டறைக் கருவிகள் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். முதல் முயற்சிக்கு நீங்கள் எஃகுத் தண்டுள்ள அயர்னைத் தேர்ந்தெடுத்ததும் நல்லதே. நீண்ட தூரம் அடிப்பதற்கான டிரைவர் மட்டையில் தொடங்குபவர்கள் கிராஃபைட் (கார்பன் இழை) தண்டை வெட்டுவதிலும், தலையைத் தண்டோடு சேர்ப்பதற்கான, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் இணைப்புக் குழல்களிலும் சிக்கிக்கொள்கிறார்கள். ஒட்டும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மட்டை நன்றாக அமையுமா என்பது அதற்கு முன்னரே, அளப்பதிலும் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பதிலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதியும் பசைக்கு முந்தைய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில் தண்டின் நுனி, அதாவது தலைக்குள் செருகும் முனையின், விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். அயர்ன் தண்டுகளில் இரு வகைகள் உண்டு. நுனியில் சில அங்குல நீளத்துக்கு ஒரே விட்டமாக இருப்பது பேரலல் வகை. அதன் விட்டம் 0.370 அங்குலம், அதாவது 9.40 மி.மீ. நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே வருவது டேப்பர் வகை. அதன் நுனி 0.355 அங்குலம், அதாவது 9.02 மி.மீ. வேறுபாடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், பேரலல் தண்டுக்காகத் துளைத்த தலையில் டேப்பர் தண்டைச் செருகினால் அது ஆடும். மாற்றிச் செருக முயன்றால் உள்ளேயே போகாது. ஒரே பெயரில் விற்கப்படும் தண்டுகூட இரு வகைகளிலும் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ட்ரூ டெம்பர் நிறுவனத்தின் டைனமிக் கோல்ட் அப்படிப்பட்டது. எனவே பெயரை நம்பாமல் அளவை நம்புங்கள். ஏற்கெனவே பயன்படுத்திய தலையாக இருந்தால், ஹோசல் எனப்படும் அதன் கழுத்துத் துளையில் பழைய பசை ஒட்டியிருக்கும். உருளை வடிவக் கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டி எடுத்த பிறகே அளக்க வேண்டும்.

எந்தப் பக்கம் வெட்டுவது என்ற உங்கள் கேள்விக்கான விடையும் இந்த வகையைப் பொறுத்ததே. டேப்பர் தண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகத் தயாரிக்கப்படுவதால் அதன் நுனியைத் தொடவே கூடாது. பிடிப் பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும். பேரலல் தண்டிலோ முதலில் நுனியையும், பிறகு பிடிப் பக்கத்தையும் வெட்ட வேண்டும். நுனியை வெட்ட வெட்டத் தண்டு விறைப்பாகும் என்பதால், நீண்ட அயர்னிலிருந்து குட்டை அயர்னுக்குப் போகும்போது பொதுவாக எண்ணுக்கு அரை அங்குலம் வீதம் இந்த வெட்டு கூடிக்கொண்டே போகும். ஏழாம் எண்ணுக்குரிய சரியான அளவு உங்கள் தண்டைத் தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கும். வேறொரு தண்டின் அட்டவணையைப் பார்த்து வெட்டிவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. எஃகை வெட்டக் குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பைப் கட்டர் அல்லது ஹாக்சா போதும். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். பின்னாளில் கிராஃபைட் தண்டை வாங்கினால் பைப் கட்டரை அதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள், அது இழைகளை நசுக்கிவிடும். கிராஃபைட்டுக்கு, வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, கார்பைடு துகள் பதித்த பிளேடால், முகக்கவசம் அணிந்து வெட்டுவதே முறை.

அடுத்தது நீளம். ஹோசல் துளையின் ஆழத்தை மெல்லிய குச்சியால் அளந்து, அதைத் தண்டின் நுனியில் குறித்துக்கொள்ளுங்கள். அயர்ன்களில் இது பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலத்தை ஒட்டியிருக்கும். தண்டைப் பசையில்லாமல் அடிவரை செருகி, குறி ஹோசலின் விளிம்புக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். பிறகு பந்தை அடிக்கும் நிலையில் தலையின் அடிப்பாகம் தரையில் படியுமாறு மட்டையை வைத்து, தண்டின் பின்புறத்தை ஒட்டி, தரையைத் தொடும்படி அளவுகோலைச் சாய்த்து நீளத்தை அளக்கலாம். விதிமுறைப்படியான அளவீட்டுக்கு 60 பாகை சாய்தளம் தேவைப்படும் என்றாலும், நீங்கள் இப்போது ஆடும் ஏழாம் எண் அயர்னையும் இதே முறையில் அளந்து ஒப்பிட்டால் வீட்டு வேலைக்கு அது போதுமானது. ஏழாம் எண் அயர்ன் வழக்கமாகச் சுமார் 37 அங்குலம் இருக்கும். இந்த அளவு பிடியின் மூடியையும் சேர்த்தது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். மூடியின் தடிமன் ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் என்பதால் அதைக் கழித்தே தண்டை வெட்ட வேண்டும்.

வெட்டிய பிறகு, ஒட்டுவதற்கு முன், எடைச் சமநிலையைச் சோதியுங்கள். வீசும்போது தலைப் பக்கம் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கான அளவே ஸ்விங் வெயிட்; பட்டறைகளில் இதற்கென்று தராசு இருக்கிறது. வீட்டில் சமையலறைத் தராசும் ஒரு கணக்கும் போதும். ஃபெரூலை இன்னும் ஏற்றாமல், தலையையும் பிடியையும் தண்டோடு டேப்பால் தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டி, மட்டையை ஒரு கத்தியின் முதுகில் கிடத்தி, அது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிடியின் முனையிலிருந்து அந்தப் புள்ளி எத்தனை அங்குலம் என்பதில் 14ஐக் கழித்து, மீதியை மட்டையின் மொத்த எடையால் பெருக்குங்கள். உங்களுக்குப் பழகிய மட்டை 430 கிராம் எடையும், சமநிலைப் புள்ளி 28 அங்குலத்திலும் இருந்தால் விடை 6,020. புதியது 424 கிராமும் 27.9 அங்குலமும் என்றால் விடை ஏறக்குறைய 5,894. ஐம்பது அலகு வேறுபாடு ஒரு ஸ்விங் வெயிட் புள்ளிக்குச் சமம். ஆகவே புதிய மட்டை இரண்டரைப் புள்ளி இலகுவாக இருக்கிறது, தலையில் ஐந்து கிராம் அளவுக்குச் சேர்த்தால் ஈடாகிவிடும். தண்டின் நுனிக்குள் செருகும் எடைகளும் கிடைக்கின்றன என்றாலும், முதல் மட்டைக்குத் தலையின் பின்புறம் ஒட்டும் ஈய டேப்பையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். ஆனால் ஆட்டத்தின் நடுவில் வேண்டுமென்றே அதை ஒட்டுவதையோ உரிப்பதையோ விதிகள் அனுமதிப்பதில்லை.

இப்போது பசை. ஐந்து நிமிட எப்பாக்சி வேண்டாம். பந்தின் மீது மோதும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பு அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடந்து சூடாகவும் செய்யும். விரைவாக இறுகும் வகைகள் பொதுவாக மொறுமொறுப்பானவை, வெப்பத்திலும் எளிதில் தளர்ந்துவிடுபவை. மெதுவாக இறுகுவதும், முழு வலிமைக்கு 24 மணி நேரம் கேட்பதுமான எப்பாக்சியை, முடிந்தால் கோல்ஃப் தண்டுகளுக்கென்றே விற்கப்படுவதை வாங்குங்கள்.

எவ்வளவு நல்ல பசையும் பளபளக்கும் முலாம் பூச்சின் மீது நிற்காது. தண்டின் நுனியை, குறித்த கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து முலாமை முழுவதும் எடுத்துவிடுங்கள். மினுமினுப்பு போய் மங்கிய சாம்பல் நிறம் தெரிய வேண்டும். ஹோசலின் உட்புறத்தையும் அப்படியே சொரசொரப்பாக்கி, இரண்டையும் அசிட்டோனால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலை கழன்று பறந்ததாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தத் தயாரிப்பில் காட்டிய அவசரம்தான் என்பது என் கணிப்பு.

கழுத்தில் வரும் கறுப்பு வளையமான ஃபெரூல் தலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை. அது முக்கியமாகத் தோற்றத்துக்கானது. அதை நுனியில் சிறிது ஏற்றி, தலையையே கருவியாக வைத்துத் தண்டை அடிவரை அழுத்தினால் அது தானாகவே தனக்குரிய இடத்துக்கு நகர்ந்துவிடும். பிறகு தலையைக் கழற்றிக்கொண்டு, எப்பாக்சியின் இரு பகுதிகளையும் உறையில் சொன்ன விகிதத்தில் எடுத்து, நிறம் ஒரே சீராகும் வரை, குறைந்தது ஒரு நிமிடம் கலக்குங்கள். நுனியிலும் துளையின் சுவரிலும் மெல்லியதாகப் பூசி, தண்டைத் திருகியபடியே அடிவரை செருகுங்கள். துளையில் பசையைக் கொட்டி நிரப்பினால் மிகுதி தண்டின் உள்ளே ஏறி, காய்ந்து உடைந்து, பின்னாளில் ஆட்டும்போதெல்லாம் கடகடக்கும். வெளியே பிதுங்கியதைத் துடைக்க அசிட்டோன் வேண்டாம், அது ஃபெரூலின் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தலை கீழே இருக்கும்படி மட்டையைச் சுவர் மூலையில் சாய்த்து வைத்து, கால் மணி நேரம் கழித்து ஃபெரூல் மேலே நகர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பிடியை மறுநாள் போடலாம். இரட்டைப் பக்க டேப்பைப் பிடியின் நீளத்துக்கு ஒட்டி, மேல் முனையில் அரை அங்குலம் மிச்சம் விட்டுத் தண்டின் வாய்க்குள் மடித்துவிடுங்கள். பிடியின் மூடியில் உள்ள துளையை விரலால் அடைத்து, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மீது வழியவிட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் தள்ளிவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பிடி அங்கேயே பிடித்துக்கொள்ளும். பெட்ரோலைப் பயன்படுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. தீ ஆபத்து கருதி அதைத் தவிருங்கள். டேப் நனைந்திருக்கும் சில நிமிடங்களுக்குள், தலையின் முன்விளிம்புக்கு நேராகப் பிடியின் கோடு வருமாறு திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். ஓர் இரவு காயவிட்ட பிறகே ஆட எடுங்கள்.

முதல் அடிகளைப் பயிற்சித் திடலில், எதிரிலும் பக்கத்திலும் எவரும் இல்லாத இடத்தில் நின்று, அரை வீச்சில் அடியுங்கள். சில பந்துகளுக்கு ஒருமுறை ஃபெரூலுக்கும் ஹோசலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, தலையைக் கையால் திருகினால் அசைகிறதா என்று பாருங்கள். தலை உறுதியாக இருந்து ஃபெரூல் மட்டும் மேலேறியிருந்தால் அது அழகுக் குறை மட்டுமே. தலை துளியளவு அசைந்தாலும் ஆடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, ஹீட் கன்னால் ஹோசலைச் சூடாக்கித் தலையைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி, உப்புத்தாள் வேலையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.