காட்டு மண்ணின் அடியில் களி சேர்ந்திருந்தால் அது ஆல்ஃபிசாலா?

மேலே பொலபொலப்பு, முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒட்டும் களி. இப்படி இருக்கும் காட்டு மண்ணை நேராக ஆல்ஃபிசால் (அமெரிக்க மண் வகைப்பாட்டில், மேலிருந்து இறங்கிய களி அடியில் சேர்ந்து, கார அயனிகளும் போதிய அளவு மிஞ்சியிருக்கும் வகை) என்று எழுதலாமா என்பது கேள்வி. கூடாது. அந்தக் களி மேலிருந்துதான் இறங்கியதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு ஆழத்தில் கால்சியம், மக்னீசியம் போன்ற கார அயனிகள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று அளக்க வேண்டும்.

மண்ணில் சுண்ணாம்பு இருக்கும்வரை களித்துகள்கள் திரண்டே நிற்கும், நகராது. மழைநீர் அதைக் கரைத்துக் கழுவி, பி.எச். ஏறத்தாழ 6.5-க்கும் 5-க்கும் இடையில் வந்த பிறகே துகள்கள் பிரிந்து நீரில் மிதக்கும். 5-க்குக் கீழே போனால் கரைந்த அலுமினியம் அவற்றை மறுபடி திரட்டிவிடும். மரங்கள் ஆழத்துக் கால்சியத்தை இழுத்துச் சருகாக மேலே போடுவதால் இந்த அமிலமாதல் மெதுவாகிறது.

நன்றாகக் காய்ந்த மண்ணில் மழை பெய்தால் கலங்கல் நீர் வெடிப்புகள், வேர்த்துளைகள் வழியே இறங்கும். அடியில் உள்ள காய்ந்த கட்டிகள் நீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ள, களி சுவரிலேயே படிந்துவிடும், துணியில் வடிகட்டினால் கசடு தங்குவது போல. அதிகம் இறங்குவது 0.2 மைக்ரானுக்கும் சிறிய நுண்களி. தெளிவான அடுக்கு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வரும் இடங்களில்தான் இது நன்றாக நடக்கும்.

ஆக, தேட வேண்டியது அந்தப் படிவுப் படலத்தை. குழியிலிருந்து எடுத்த கட்டியைக் கத்தியால் அறுக்காதீர்கள், களி இழுபட்டுப் பொய்ப் பளபளப்பு வரும். கையால் உடைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உண்மையான படலம் மெழுகு பூசியதுபோல் இருக்கும், பெரும்பாலும் கட்டியின் உட்புறத்திலிருந்து நிறம் மாறுபடும், துளைகளின் உட்சுவரிலும் தெரியும். விரிந்து சுருங்கும் மண்ணில் கட்டிகள் ஒன்றோடொன்று அழுந்தி வரும் மினுமினுப்பு வேறு: அதில் கோடுகள் இழுத்திருக்கும், நிறம் உள்ளே இருப்பதுதான். ஆறு முதலில் களியையும் பிறகு மணலையும் கொட்டிய இடமும் ஏமாற்றும். களியைக் கழித்துவிட்டு நுண்மணல், பருமணல் விகிதத்தை இரு அடுக்குகளிலும் ஒப்பிடுங்கள். சட்டென்று மாறினால் இரண்டும் வெவ்வேறு படிவுகள்.

அமெரிக்க வகைப்பாட்டின் கணக்கு: மேலடுக்கில் களி 15 சதவீதத்துக்குக் குறைவானால் கீழே குறைந்தது 3 சதவீதப் புள்ளி கூட இருக்க வேண்டும். 15 முதல் 40 வரை என்றால் 1.2 மடங்கு. அதற்கு மேல் 8 புள்ளி. ஆய்வகத்தில் கரிமப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடால் நீக்கி, துகள்களைப் பிரிக்கும் உப்பான சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டில் நன்றாகப் பிரிக்காவிட்டால் களி, அதைவிடப் பருமனான வண்டல் துகளாகக் கணக்கில் ஏறும்.

அடுத்தது கார நிறைவு, அதாவது மண் பிடித்துவைக்கக்கூடிய அயனிகளில் கார அயனிகளின் பங்கு. பி.எச். 8.2-ஐ அடிப்படையாகக் கொண்டு அளக்கும் முறையில் அது 35 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் ஆல்ஃபிசால், குறைந்தால் அல்டிசால் என்ற வேறு வகை. பொதுவாக, களியடுக்கின் மேல்விளிம்பிலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது தரையிலிருந்து 180 செ.மீ., அல்லது பாறைக்கு நேர் மேலே, எது ஆழம் குறைவோ அங்கே அளக்க வேண்டும். மேல்மண் மாதிரியை அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சருகும் இட்ட சுண்ணாம்பும் அங்கே எண்ணை உயர்த்திவிடும். பி.எச். 7 அம்மோனியம் அசிட்டேட் முறையின் எண்ணையும் இங்கே போடாதீர்கள், அது கூடுதலாகவே வரும். இத்தனையும் பொருந்தி, மேலே தடித்த, கரிய, கார வளம் மிக்க அடுக்கும் இருந்தால் மண் மொல்லிசால் என்ற இன்னொரு வகைக்குப் போய்விடும்.

உலக மண் வகைப்பாட்டில் (WRB) இதே மண்ணுக்குப் பெரும்பாலும் லூவிசால் என்று பெயர். அங்கே களியின் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது அயனிகளைப் பிடித்துவைத்து மாற்றிக்கொள்ளும் அளவு, கிலோ களிக்கு 24 சென்டிமோலுக்குக் குறைந்தால் லிக்சிசால் என்ற வேறு வகை ஆகிவிடும்.