சத்தம் நிற்கும் அந்த விநாடிகள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு லொறி ஓட்டுகிறார். நித்திரையில் பலத்த குறட்டை விடுவார். இடையில் சத்தம் அடியோடு நின்று, பிறகு மூச்சுத் திணறி எழும்புவார். சண்டைக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை என்கிறார். இது வருத்தமா? குளிசை உண்டா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பது உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை போலவே தெரிகிறது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் இயல்புதான்; ஆனால் கழுத்தைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் கொழுப்புச் சேர்ந்தவர்களுக்கும், கீழ்த்தாடை உள்வாங்கியவர்களுக்கும், டொன்சில் பெருத்தவர்களுக்கும் அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை அவரை உலுக்கி எழுப்புகிறது. காலையில் அவருக்கு அது நினைவிராது. இப்படிப் பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 தடவை நேர்ந்தால் இலேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது எனக் கணிப்போம். கவனியாது விட்டால் பிறஷரைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடும்.

போர்க்காலப் பயம் என்ற விளக்கத்தை நான் ஒதுக்கவில்லை. வன்னியில் அந்த இரவுகளைக் கடந்து வந்தவர்களுக்குக் கெட்ட கனவு வருவது உண்மை; இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. ஆனால் பயம் என்று முடிவுகட்டி, கிடைத்த நித்திரைக் குளிசையைக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. அதுவும் சாராயமும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடும்.

இந்த நோய்க்கு முதல் சாட்சி நீங்கள்தான். அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது நெஞ்சும் முகமும் தெரியும்படி சில நிமிடங்கள் கைபேசியில் படம் பிடித்து, மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். குறட்டை என்று மட்டும் சொன்னால் சிரித்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். மூச்சு நிற்கிறது, லொறி ஓட்டுகிறார் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறஷர், சீனி, தைரொயிட் ஆகியவற்றைப் பார்த்த பின், இரவு முழுவதும் மூச்சையும் ஒட்சிசனையும் பதியும் பரிசோதனைக்கு நிபுணர் ஒழுங்கு செய்வார்.

விழுங்கிய அன்றே தொண்டையைத் திறந்து வைக்கும் குளிசை எதுவும் இல்லை. நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு உறுதியான சிகிச்சை, 1981இல் சிட்னியில் மருத்துவர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய சீபாப் முறையே: முகமூடி வழியாக இடைவிடாது அழுத்தத்துடன் வரும் காற்று, தொண்டை ஒட்டாமல் தாங்கிக்கொள்கிறது. அந்த இயந்திரத்தின் விலை அதிகந்தான். எமது செம்மண் புழுதியில் அதன் வடிகட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். காற்றை ஈரமாக்கும் அதன் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் அங்கும் படியும், ஆகவே காய்ச்சி வடித்த நீரே வேண்டும். இலேசான நிலையில் கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் வாய்க்கருவி உதவும். எந்த நிலையிலும் உடல் எடையைக் குறைப்பது பயன் தரும். சரிந்து படுப்பதும் பலருக்கு உதவும். பழைய பெனியனின் முதுகுப்புறத்தில் ஒரு பையைத் தைத்து ரெனிஸ் பந்தை வைத்தால், மல்லாந்தவுடன் அது குத்தித் திருப்பிவிடும்.

முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு ஓட்டினால் நித்திரை வராது என்று சாரதிகள் சொல்வார்கள். இந்த நோயாளிக்கு அது வழியில் அடுத்து வரும் மாங்குளம் வரைகூடத் தாங்காது. வருமானம் குறையும் என்பது தெரிந்தே எழுதுகிறேன்: சிகிச்சை பலன் தந்து பகல் தூக்கம் நீங்கிவிட்டது என்று வைத்தியர் சொல்லும் வரை அவர் லொறி ஓட்டக்கூடாது.