பதினோரு வயது நூறு கோடி

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வடக்குப் பகுதியில் உள்ள 'ரிங் ஆஃப் ஃபயர்' கனிமப் பகுதிக்குச் சாலை போட ஒவ்வொரு தேர்தலிலும் நிதி அறிவிக்கிறார்கள். தேர்தல் வந்தால்தான் நிதி வரும் என்றால், அடிக்கடி தேர்தல் வருவது நல்லதுதானே?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: 'அறிவிக்கிறார்கள்' என்று சரியாக ஆரம்பித்தீர்கள். அடுத்த வரியிலேயே 'வரும்' என்று வழுக்கிவிட்டீர்களே!

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு சுவர்க்கடிகாரம் சுற்றி வரும். பெரியப்பா மகன் கல்யாணத்தில் மொய்யோடு வந்தது, அத்தை மகள் கல்யாணத்துக்குப் போகும். அங்கிருந்து அவள் நாத்தனார் வீட்டுக்கு. ஜிகினாக் காகிதத்தை யாரும் பிரிப்பதில்லை. 'அன்பளிப்பு' என்ற சீட்டில் பெயர் மட்டும் மாறும். உள்ளே இருப்பது கடிகாரம்தானா என்று யாரும் பார்த்ததில்லை. ஒன்ராறியோவின் நூறு கோடி டாலரும் அந்த ரகம்தான்.

2014 மே மாதம் லிபரல் முதல்வர் கேத்லீன் வின் பட்ஜெட்டில் இந்தச் சாலைக்கு நூறு கோடி வைத்தார். என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) ஆதரிக்க மறுத்தது, தேர்தல் வந்தது, அதே பட்ஜெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் பெரும்பான்மையோடு திரும்பினார். 2022-இல் கன்சர்வேடிவ் முதல்வர் டக் ஃபோர்டின் பட்ஜெட், தேர்தலுக்குச் சரியாக ஐந்து வாரம் முன்பு: ஏறக்குறைய நூறு கோடி. 2025 மார்ச்சில், கூட்டாட்சித் தேர்தல் நெருங்கும் நேரத்தில், கூட்டாட்சி கன்சர்வேடிவ் தலைவர் பியேர் பொலியேவ்: மூன்றாண்டுகளில் நூறு கோடி. தக்காளி விலை ஏறியது, வீட்டு வாடகை ஏறியது, தார் விலை ஏறியது. நூறு கோடி மட்டும் பதினோரு வருடமாக ஒரு காசு கூடவில்லை. விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். (எங்கள் உதவி ஆசிரியர் இதை 'ஒரு பில்லியன்' என்றுதான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பார். நமக்குக் கோடி இருக்கும்போது எதற்கு ஐயா பில்லியன்? இந்தச் சண்டை அடுத்த இதழிலும் தொடரும்.)

ஃபோர்டைக் குறை சொல்ல முடியாது. 2018 தேர்தலுக்கு முன், தேவைப்பட்டால் நானே புல்டோசரில் ஏறுவேன் என்றார். புல்டோசர் தயாராக இருந்தாலும் அதை அங்கே கொண்டுபோகச் சாலை இல்லை என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தண்டர் பேயிலிருந்து வடகிழக்கே சுமார் 500 கிலோமீட்டர், முழுக்கச் சதுப்பு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம் கிரெக் ரிக்ஃபோர்ட். வின் 2014-இல் ஒட்டாவா (அதாவது கூட்டாட்சி அரசு) தன் பங்குக்கு இன்னொரு நூறு கோடி தரட்டும் என்று கேட்டபோது, ஒட்டாவாவில் இயற்கை வளத்துறை அமைச்சர் இவர். பணம் வரவில்லை. 2018-இல் அதே ரிக்ஃபோர்ட் ஃபோர்டின் அமைச்சரவையில் வடபகுதி, சுரங்கத்துறை அமைச்சர். கொடுக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து கேட்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அங்கேயும் சாலை வரவில்லை.

ஏன் வராது என்றால், கணக்கு எளிது. அந்த மண் இருக்கும் கீவெட்டினூங் தொகுதி பரப்பில் தமிழ்நாட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஜனம் முப்பதாயிரம் சொச்சம். அதுவும் என்.டி.பி.யின் சோல் மமாக்வாவையே மூன்று தேர்தலாக அனுப்பும் ஊர். அங்கே ஓட்டு கேட்டு யாரும் நூறு கோடி சொல்வதில்லை. சட்பரியிலும் டிம்மின்ஸிலும் உருக்காலை வேலை வரும் என்று காத்திருப்பவர்களுக்கும், டொரொன்டோவில் டி.வி. பார்ப்பவர்களுக்கும் சொல்வது அது. சாலை போட்டு முடிக்க இரண்டு மூன்று ஆட்சி பிடிக்கும். நாடா வெட்டப்போவது எதிர்க்கட்சிக்காரராகவும் இருக்கலாம். அதற்காக எந்த முதல்வர் செலவு செய்வார்? அறிவிப்பின் பலன் மட்டும் அன்று மாலைச் செய்தியிலேயே கைக்கு வந்துவிடுகிறது.

கம்பெனியே போட்டுக்கொள்ளட்டும் என்பார் நம் பொருளாதார நண்பர். 'கிளிஃப்ஸ்' என்ற சுரங்கக் கம்பெனி அரசின் சாலைக்குக் காத்திருந்து அலுத்து 2013-இல் வேலையை நிறுத்தியது. பிறகு பங்கை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போய்விட்டது. சரி, விடுங்கள், அவரோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை.

அங்கே இருக்கும் ஊர்க்காரர்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. பூர்வகுடி ஊர்களான வெபெக்வியும் மார்ட்டன் ஃபால்ஸும் சாலைத் திட்டத்தை முன்னின்று நடத்துகின்றன, இன்னொரு பூர்வகுடி ஊரான நெஸ்கன்டாகா எதிர்க்கிறது. நெஸ்கன்டாகாவில் 1995 பிப்ரவரியிலிருந்து குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. டீசலும் மளிகையும் லாரியில் வருவது குளிர்காலத்து ஐஸ் சாலையில்தான். குளிர் குறைந்தால் அதுவும் தாமதம்.

அடிக்கடி தேர்தல் நல்லதா என்றீர்கள். 2025-இல் பிப்ரவரி 27 மாகாணத் தேர்தல், ஏப்ரல் 28 கூட்டாட்சித் தேர்தல். உங்கள் கணக்குப்படி சாலையில் இரண்டு தடவை தார் ஊற்றியிருக்க வேண்டும். நூறு கோடி சொன்ன பொலியேவ் கார்லட்டனில் சொந்தத் தொகுதியையே இழந்தார். ஃபோர்டு ஜெயித்து, ஜூனில் சட்டங்களையே தள்ளிவைக்கும் 'சிறப்புப் பொருளாதார மண்டல' அதிகாரத்தை நிறைவேற்றிக்கொண்டார்.

மமாக்வா என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 மே மாதம் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் அவர் தன் தாய்மொழியான பூர்வகுடி மொழியில் எழுந்து பேசினார்; ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத மொழிக்கு அவை முறைப்படி இடம் கொடுத்தது வரலாற்றில் அதுதான் முதல் முறை. பார்வையாளர் மாடத்தில் அவருடைய அம்மா. முதல்வரிடம் அவர் கேட்டது சுரங்கச் சாலை இல்லை. சூ லுக்அவுட் ஊரில் முதியோர் பராமரிப்பு இல்லம் எப்போது கட்டுவீர்கள் என்றுதான் கேட்டார்.